சொட்டும் குளிர்பொறியும் சுவர்ப் பூசணமும்

ஊறுகாய்ச் சாடியில் ஈரக் கரண்டியை இடக்கூடாது என்பது நம் வீடுகளில் பிள்ளைகள் முதன்முதலில் கற்கும் நுண்ணுயிரியல் பாடமாகும். அதைக் கற்பிக்கும் தாய்மார்களுள் பெரும்பாலோர் நுண்ணோக்கியைக் கண்டவர் அல்லர். ஆயினும் அவர்கள் சொல்லில் ஒரு பெரிய உண்மை அடங்கியிருக்கிறது. சாடியில் பூசணத்திற்கு வேண்டிய உணவு இருக்கிறது. காற்றில் மிதந்து வரும் பூசண வித்துக்கள் மூடியைத் திறக்கும்போதெல்லாம் அதில் விழுகின்றன. இருந்தும் அங்கே பூசணம் பூப்பதில்லை. ஏன்? அங்குள்ள நீரை உப்புப் பிடித்து வைத்துக்கொள்கிறது. விழுந்த வித்துக்குக் குடிக்க நீர் இல்லை. ஈரக் கரண்டி அந்தக் காவலை உடைக்கிறது. சில நாளில் மேலே வெள்ளைப் படலம் படர்கிறது.

அப்பளம், வடகம், வற்றல், கருவாடு ஆகிய அனைத்தும் இதே அறிவின் விளைவுகளே. கருவாட்டைவிடப் பூசணத்திற்கு ஏற்ற உணவு யாது? எனினும் அது மாதக்கணக்கில் கெடாமல் கிடக்கிறது. பூசணம் அழுக்கைத் தேடி வருவதன்று. ஈரத்தைத் தேடி வருவது. இந்தச் சிறு உண்மையைச் சாடியிலிருந்து சுவருக்குக் கொண்டுசெல்வதே இக்கட்டுரையின் நோக்கம். அதிலும், ஏ.சி. என்று நாம் வழங்கும் குளிர்பொறி பொருத்திய வாடகை அறைகளில் இருவர் மூவராகத் தங்கிப் படிக்கும் நம் சங்கத்து நண்பர்களை எண்ணியே இதனை எழுதுகிறேன்.

ஹெப்பகோடியில் குளிர்பொறியா?

பெங்களூருக்கு எதற்கு ஏ.சி. என்று ஊரில் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். கடல்மட்டத்திற்கு ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊர் இது. எனினும் 2016 ஏப்ரலில் இந்நகரின் வெப்பநிலை 39.2 டிகிரி வரை ஏறியது. 2024-ஆம் ஆண்டுக் கோடையும் கொடியதாகவே இருந்தது. ஓசூர்ச் சாலையை ஒட்டி ஹெப்பகோடியிலும் பொம்மசந்திரத்திலும் நெருங்கி எழுந்துள்ள அடுக்குமாடிகளில், மொட்டைமாடிக்கு நேர் கீழ் உள்ள அறைகள் ஏப்ரல் மாதத்தில் அடுப்புப் போலக் காய்கின்றன. ஆகவே வீட்டுக்காரர்கள் ஏ.சி. வைத்து, அதற்கேற்ப வாடகையையும் உயர்த்தி வைத்தார்கள்.

ஆனால் இங்கே அந்தப் பொறி மார்ச்சு முதல் மே வரைதான் நன்கு உழைக்கிறது. எஞ்சிய மாதங்களில் தூசு படிந்து தூங்குகிறது. சென்னையில் ஆண்டு முழுதும் ஓடும் பொறிக்கு வரும் நோய் வேறு. இங்கே ஒன்பது மாதம் உறங்கும் பொறிக்கு வரும் நோய் வேறு. இதனைப் பின்னர் விளக்குவேன்.

நீர் எங்கிருந்து வருகிறது?

ஏ.சி.யிலிருந்து நீர் சொட்டினால் எங்கோ குழாய் உடைந்துவிட்டது என்று பலர் எண்ணுகிறார்கள். ஏ.சி.க்குள் தண்ணீர்க் குழாய் எதுவும் வருவதில்லை. சொட்டுகிற நீர் முழுதும் நம் அறைக் காற்றில் இருந்ததே. குளிர்ந்த நீர் நிரப்பிய டம்ளரின் வெளிப்புறம் வியர்ப்பதைக் கண்டிருக்கிறோம் அல்லவா? அதுவே இது.

காற்று சூடாக இருக்கும்போது மிகுந்த நீராவியைத் தாங்கும், குளிர்ந்தால் தாங்காது. 30 டிகிரி வெப்பத்தில் ஒரு கன மீட்டர் காற்று ஏறத்தாழ 30 கிராம் நீராவியைத் தாங்க வல்லது. அதே காற்று 10 டிகிரிக்குக் குளிர்ந்தால் 9 கிராமுக்குச் சற்று மேல்தான் தாங்கும். மிகுதி நீராக வடிய வேண்டியதே. ஏ.சி.யின் உள்பெட்டியில் உள்ள காயில் என்னும் குளிர்ந்த குழாய்ச் சுருள் ஏறத்தாழ அந்தக் குளிர்ச்சியில்தான் இருக்கிறது. அதன் மேல் அமைந்த மெல்லிய அலுமினியத் தகடுகளில் பனித்துளி போல நீர் கோத்துக்கொண்டு, கீழே உள்ள டிரேயில் வடிந்து, அங்கிருந்து டிரெயின் பைப் வழியே வெளியேறுகிறது.

பத்தடிக்குப் பன்னிரண்டடி அறை, உயரமும் பத்தடி என்று கொள்வோம். அது ஏறத்தாழ 34 கன மீட்டர். 30 டிகிரியில், 60 விழுக்காட்டு ஈரப்பதம் இருந்தால், அந்த அறைக் காற்றில் அரை லிட்டருக்கும் சற்று மிகுதியான நீர் கண்ணுக்குத் தெரியாமல் மிதக்கிறது. கதவிடுக்கின் வழியே புதுக் காற்று வந்துகொண்டே இருப்பதாலும், உறங்குவோர் ஒவ்வொருவரும் மூச்சாலும் வியர்வையாலும் மணிக்கு ஏறத்தாழ 40 கிராம் நீரை வெளிவிடுவதாலும், கடலோர ஊர்களில் ஒன்றரை டன் பொறி மணிக்கு ஒரு லிட்டருக்கு மேலும் நீரை வடிப்பதுண்டு. பெங்களூரின் ஏப்ரல் பிற்பகலில் காற்று 34 டிகிரியும் 30 விழுக்காட்டு ஈரமும் கொண்டது என்று வைத்தால், ஒரு கன மீட்டரில் 11 கிராமே நீர் இருக்கும். அதே 34 டிகிரியில், கடற்காற்று வீசும் சென்னையில் 65 விழுக்காடு என்று வைத்தால் 24 கிராம். அங்கே வாளி நிறையும். இங்கே சொம்பு நிறைந்தாலே மிகுதி.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. இன்று நாம் பயன்படுத்தும் குளிர்பொறியின் முன்னோடி மனிதரைக் குளிர்விக்கப் பிறந்ததன்று. நியூயார்க்கு நகரின் புரூக்ளின் பகுதியில் ஓர் அச்சகம் இருந்தது. கோடை ஈரத்தில் தாள் விரிவதும் சுருங்குவதுமாக இருந்ததால், ஒன்றன் மேல் ஒன்றாக அச்சிடும் வண்ணங்கள் பொருந்தாமல் விலகின. காற்றின் ஈரத்தைக் கட்டுப்படுத்தும் அமைப்பு ஒன்றை அவர்களுக்காக 1902 சூலையில் வகுத்துத் தந்தவர் வில்லிஸ் கேரியர் என்னும் பொறியாளர். அப்போது அவருக்கு வயது 25; என்னைவிட இரண்டே ஆண்டு மூத்தவர்! ஆக, ஈரத்தை அகற்றுவதே இந்தப் பொறியின் முதல் தொழில். அறை முழுதும் பரவிக் கிடந்த நீரை இப்பொறி ஓரிடத்தில் திரட்டுகிறது. திரட்டிய நீர் வெளியே போனால் அறை உலரும். போகாமல் சுவரில் இறங்கினால், பூசணத்திற்கு நாமே தண்ணீர்ப் பந்தல் வைத்தவர்கள் ஆவோம்.

பூசணம் என்பது யாது?

பூசணம் செடியன்று, பாக்டீரியாவும் அன்று. காளான் குலத்தைச் சேர்ந்த நுண்ணுயிர். கன்னட நண்பர்கள் இதனை ‘பூஷ்டு’ என்பார்கள். வீட்டுக்காரரிடம் பேசும்போது இச்சொல் உதவும். நூலிழை போன்ற உடலை உணவுக்குள் செலுத்தி, செரிக்கும் நொதிகளை வெளியே சுரந்து, கரைந்ததை உறிஞ்சி வாழ்கிறது. நாம் உண்ட பின் செரிக்கிறோம். அது செரித்த பின் உண்கிறது. நம் கண்ணுக்குத் தெரியும் கறுப்புப் புள்ளிகளும் பச்சைத் தூளும் பெரும்பாலும் அதன் வித்துத் திரள்களே. மிகப் பல வித்துக்கள் மில்லிமீட்டரில் நூற்றில் ஒரு பங்கைவிடச் சிறியவை. அவை இல்லாத வீடு இல்லை. அவற்றை முற்றிலும் ஒழிப்பதும் இயலாது. இயலக்கூடியது அவற்றுக்கு நீர் கிடைக்காமல் செய்வது ஒன்றே.

ஏ.சி. காயிலிலும் சுவரிலும் மிகுதியாகக் காண்பது கரும்பச்சை நிறமுள்ள கிளாடோஸ்போரியம். ஆஸ்பர்ஜில்லஸ், பெனிசிலியம் என்பனவும் வரும். சுவர்ப்பரப்பை ஒட்டிய காற்றின் ஈரப்பதம் நெடுநேரம் 80 விழுக்காட்டுக்கு மேல் நின்றாலே இவற்றுள் பல முளைக்கத் தொடங்கும். அட்டை, ஒட்டுப்பலகை, ஜிப்சம் பலகையின் தாள் முதலியன ஊறிக் கிடந்தால் வருவது ஸ்டாக்கிபோட்ரிஸ் என்னும் கறுப்புப் பூசணம்.

பூசணத்தை முற்றிலும் பகைவனாக எண்ணுவதும் நன்றன்று. 2025 ஆகஸ்டில் மெட்ரோ மஞ்சள் தடம் திறக்கப்பட்டபோது நம் ஊர் நிலையத்திற்கு ‘பயோகான் ஹெப்பகோடி’ என்று பெயர் வந்தது. அந்தப் பயோகான் நிறுவனம் லோவாஸ்டாட்டின் என்னும் மருந்தைத் தயாரிப்பதற்கு அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தின் ஒப்புதலை 2001-இல் பெற்றது. இரத்தக் கொழுப்பைக் குறைக்கும் அம்மருந்தை ஈன்று தருவது ஆஸ்பர்ஜில்லஸ் டெரியஸ் என்னும் பூசணமே. எஃகுத் தொட்டிக்குள் அடங்கி வளர்ந்தால் மருந்து. கட்டிலுக்கு மேல் சுவரில் வளர்ந்தால் நோய். உயிர் ஒரே குலத்தது; இடந்தான் வேறு.

என்ன நோய்?

இவ்விடத்தில் அச்சமும் வேண்டாம், அலட்சியமும் வேண்டாம். 2021-இல் கொரோனா இரண்டாம் அலையின்போது ‘கறுப்புப் பூஞ்சை’ என்ற சொல் வீடுதோறும் அச்சத்தை விதைத்தது. சுவரில் கறுப்பாக எதைக் கண்டாலும் அந்நோய் வந்துவிடும் என்று இன்றும் நடுங்குவோர் உண்டு. அது தவறு. மியூகோர்மைகோசிஸ் எனப்படும் அந்நோயை உண்டாக்குபவை மியூகோரேல்ஸ் என்னும் வேறு வகையைச் சேர்ந்தவை. அந்நோயில் திசுக்கள் இறந்து கறுப்பதனால் அப்பெயர் வழங்கியது. கட்டுக்கடங்காத நீரிழிவும், ஸ்டீராய்டு மருந்துகளின் மிகுதியும் உடலின் காவலைத் தளர்த்திய இடங்களில்தான் அது பெரிதும் தாக்கியது. நலமுள்ள மாணவன் சுவர்ப் பூசணத்தைக் கண்டு அந்தக் காரணத்திற்காக நடுங்க வேண்டியதில்லை.

வேறு காரணங்கள் உண்டு. உலக நலவாழ்வு நிறுவனம் 2009-இல், வீட்டு ஈரமும் பூசணமும் பற்றித் தனியாகவே ஒரு வழிகாட்டி நூல் வெளியிட்டது. ஈரமும் பூசணமும் உள்ள வீடுகளில் வாழ்வோருக்கு இருமல், இளைப்பு, மூக்கடைப்பு, ஆஸ்துமாவின் மிகுதி ஆகியவை கூடுதலாகக் காணப்படுகின்றன என்று அது தொகுத்துக் கூறுகிறது. இத்தனை வித்துவரை தீங்கில்லை என்று அந்நூல் ஓர் எல்லையும் வகுக்கவில்லை. ஈரத்தையே தடுங்கள் என்றது. எனவே சுவரைச் சுரண்டிச் சோதனைச்சாலைக்கு அனுப்பி, இது எந்த இனம் என்று பார்ப்பதில் வீட்டாருக்குப் பயன் மிகக் குறைவு. எனக்குப் பார்க்க ஆசை உண்டு. அது என் படிப்பின் கோளாறு!

ஏ.சி.யால் நேர்ந்த நோய்க்கும் சான்று உண்டு. 1970-இல் அமெரிக்க மருத்துவ இதழொன்றில் ஓர் அலுவலகத்தின் கதை வெளிவந்தது. அங்கே வேலை பார்த்தோரில் சிலருக்குக் காய்ச்சலும் இருமலும் மூச்சுமுட்டலும் திரும்பத் திரும்ப வந்தன. காரணம் கட்டடத்தின் குளிர்பொறியில் வளர்ந்திருந்த, வெப்பம் விரும்பும் ஆக்டினோமைசீட் என்னும் நுண்ணுயிர். அது பூசணம் போன்ற உருவுடைய பாக்டீரியா. அதன் துகள்களை மூச்சில் இழுத்தவர்களின் நுரையீரல் ஒவ்வாமையால் அழன்றது. இது அரிய நோய்தான். எனினும் ஒரு குறிப்பை நாம் எடுத்துக்கொள்ளலாம்: அறையில் இருந்தால் நோய், விடுமுறைக்கு ஊருக்குப் போனால் நலம், திரும்பி வந்தால் மீண்டும் நோய் என்ற முறை தெரிந்தால், மருத்துவரிடம் அறையைப் பற்றியும் சொல்லுங்கள். அவராக அதைக் கேட்க வேண்டும் என்பதில்லை.

‘பெயின்ட் அடித்தால் போய்விடும்’

நான் தங்கியிருக்கும் அறையில் மூவர் உள்ளோம். மூவரும் தமிழர், நான் சீர்காழிப் பக்கம். சென்ற மே மாதத்தில், ஏ.சி.க்குக் கீழே, நண்பனின் கட்டிலுக்கு நேர் மேலே, உள்ளங்கை அளவு கறை ஒன்று தோன்றியது. இரண்டு வாரத்தில் அது முறத்தின் அளவு ஆயிற்று. அந்நண்பனுக்குச் சிறுவயதில் இளைப்பு இருந்தது. விடியற்காலை இருமல் அவனுக்குத் திரும்பவும் வந்தது. வீட்டுக்காரரிடம் சென்றோம். அவர் நல்லவர்தாம், தமிழும் பேசுவார்.

“அதுக்கென்ன தம்பி, பெயின்ட் அடிச்சா போயிடும். காலி பண்றப்போ எப்படியும் அடிக்கத்தானே போறோம், அட்வான்சுல கழிச்சுக்கலாம்” என்றார்.

“சார், பெயின்டுக்கு உள்ளே தண்ணீர் இருக்கே” என்றேன்.

“தண்ணீர் காஞ்சிடும்” என்றார்.

பெங்களூரில் அறை எடுத்தவர்கள் அனைவரும் அறிந்த உரையாடல் இது. வண்ணம் அடிக்கும் செலவு நம் முன்பணத்தில் கழியும். பூசணமோ அடுத்துக் குடிவருவோருக்கு அப்படியே மிஞ்சும். சுவர் காய்வதற்குமுன் அடிக்கும் வண்ணம் உள்ளிருக்கும் ஈரத்தை மூடிவைக்கிறது. வண்ணத்திலும் பட்டியிலும் உள்ள பசைப்பொருளே பூசணத்திற்கு உணவாகிறது. ‘பூஞ்சை எதிர்ப்பு’ என்று விற்கும் வண்ணங்களில் நஞ்சு கலந்திருப்பது உண்மையே. ஆனால் நீர் வந்துகொண்டே இருந்தால் அந்த நஞ்சும் நாளடைவில் தோற்கும்.

நம் ஊரில் பொங்கலுக்குப் பொங்கல் சுண்ணாம்பு அடித்தார்களே, அது வெறும் அலங்காரமா? அன்று. புதுச் சுண்ணாம்பு கடுங்காரம் உடையது; அதன் பி.எச். 12-க்கும் மேல். அதில் பூசணம் எளிதில் வளராது. காற்றில் உள்ள கரியமில வாயுவோடு சேர்ந்து மெல்ல மெல்ல அது காரம் இழந்து சுண்ணக்கல்லாகிறது. ஆகவே ஆண்டுதோறும் புதிதாக அடிக்க வேண்டியிருந்தது. அதனினும் முக்கியமாக, சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வெளியே விடும். இன்றைய பிளாஸ்டிக் வண்ணங்கள் பல அத்தகையன அல்ல.

நீர் வழிதவறும் காரணங்கள்

மெக்கானிக்கை அழைக்குமுன் நாமே சிலவற்றைக் கண்டறியலாம். அவ்வாறு அறிந்தால், தேவையில்லாத ‘கேஸ்’ நிரப்பும் செலவும் மிஞ்சக்கூடும்.

முதலாவதும் மிகப் பெரும்பாலான காரணமும் டிரெயின் பைப் அடைப்பு. இங்கேதான் நான் முன்னர்ச் சொன்ன ஒன்பது மாத உறக்கம் வருகிறது. டிரேயில் கிடந்த நீர் வற்றும்போது, அதில் இருந்த தூசியும் பாக்டீரியாவும் பூசணமும் சேர்ந்து ஜவ்வு போலப் படிந்து காய்கின்றன. சில வேளை பூச்சிகளும் பைப்பின் வாயை அடைக்கின்றன. ஏப்ரலில் பொறியை ஓட்டுகிறோம். காற்று வறண்டிருப்பதால் நீர் சிறிதே வடிகிறது. அடைப்பு வெளியே தெரிவதில்லை. ஏப்ரல் கடைசியிலும் மேயிலும் இடி மழை பெய்து ஈரப்பதம் திடீரென்று ஏறும்போது டிரே நிரம்பி வழிகிறது. ‘நேற்றுவரை நன்றாகத்தானே ஓடிற்று’ என்று நாம் வியப்பது இதனால்தான். மார்ச்சு மாதத்திலேயே சர்வீஸ் செய்துவிட்டால் இவ்வியப்பு நேராது. சர்வீஸ் செய்பவரிடம், டிரேயில் ஒரு செம்பு நீரை ஊற்றி அது வெளிமுனையில் தடையின்றி வருகிறதா என்று நம் கண்முன் காட்டச் சொல்லுங்கள். முகப்பைத் துடைத்துவிட்டுப் போவது சர்வீஸ் ஆகாது.

இரண்டாவது, பைப்பின் சரிவு. நீர் தானாகக் கீழே ஓட வேண்டும். இடையில் பைப் மேலேறி இறங்கினால் அங்கே நீர் தேங்கும். உள்பெட்டியே சாய்ந்திருந்தாலும் இதே கேடு. வெளிமுனையை வாளி நீரில் மூழ்க விடுவதும் தவறு. உள்ளே சிக்கிய காற்று வெளியேற வழியின்றி நீரைத் தடுக்கும்.

மூன்றாவது, பனிக்கட்டி. ஃபில்ட்டர் தூசியால் அடைபட்டாலோ கேஸ் குறைந்தாலோ, காயில் அளவுக்கு மிஞ்சிக் குளிர்ந்து அதன்மேல் பனி உறைகிறது. பொறியை நிறுத்தியதும் அப்பனி ஒருசேர உருகி, டிரேக்கு அப்பாலும் கொட்டுகிறது. ஓடும்போது சொட்டாமல், நிறுத்திய பின் கொட்டினால் இதனை ஐயுறலாம். முதலில் ஃபில்ட்டரைக் கழுவிப் பாருங்கள். அதற்குப் பணம் வேண்டியதில்லை.

நான்காவது, செப்புக் குழாயைச் சுற்றிய கறுப்பு நுரையுறை கிழிந்து, குழாய் சுவருக்குள் வியர்ப்பது. ஐந்தாவது, குழாய்க்காகச் சுவரில் இட்ட துளையைச் சரியாக அடைக்காமையால் மழைநீர் நுழைவது. ஏ.சி. ஓடாத மழை நாட்களிலும் கறை வளர்ந்தால் குற்றம் பொறியினுடையதன்று. துளையினுடையது, அல்லது மொட்டைமாடியினுடையது. எங்கள் அறையில் குற்றம் பைப்பின் சரிவில் இருந்தது. மெக்கானிக் அண்ணன் அரைமணி நேரத்தில் அதைச் சரிசெய்தார். சுவர் காய்வதற்கோ மூன்று வாரம் பிடித்தது.

துடைக்கும் முறை

வரிசை முக்கியம்: முதலில் நீரை நிறுத்துக, அடுத்து உலர்த்துக, அதன் பின்னரே துடைக்க. நனைந்த பொருளை 24 முதல் 48 மணி நேரத்திற்குள் உலர்த்திவிட்டால் பெரும்பாலும் பூசணம் தோன்றுவதே இல்லை. ஆகவே நீர் சொட்டிய அன்றே மெத்தையை விலக்கி, மின்விசிறியைச் சுவரை நோக்கி வைத்து, சன்னலைத் திறந்துவிடுவது ஒரு மாதத்துத் தொல்லையைத் தடுக்கும்.

கறை மூன்றடிக்கு மூன்றடி அளவுக்குள் இருந்தால் நாமே துடைக்கலாம். அதனினும் பெரிதாயின், அல்லது நீர் சுவர் முழுதும் ஊறியிருந்தால், ஆள் வைத்துச் செய்வதே தக்கது. இளைப்பு நோய் உள்ளவர் இவ்வேலையில் ஈடுபடக் கூடாது. அறையிலும் இருக்க வேண்டாம். துடைப்பவர் என்-95 முகமூடி, கையுறை, கண்ணாடி அணிய வேண்டும். காய்ந்த பூசணத்தைத் துடைப்பத்தால் தட்டவோ விசிறிக்கு நேரே தேய்க்கவோ கூடாது. அது விதை தூவுவதற்கு ஒப்பாகும்! பாத்திரம் கழுவும் சோப்பைக் கலந்த நீரில் துணியை நனைத்துப் பிழிந்து, கறையை ஈரமாக்கி, வெளியோரத்திலிருந்து உள்நோக்கித் துடைத்து, அத்துணியை உறையில் கட்டி எறிந்துவிடுக. பட்டி உப்பிப் பொருமியிருந்தால், அதனை நனைத்துச் சுரண்டிக் காரை தெரியும்வரை எடுத்துவிட வேண்டும். நனைந்து பூசணம் பிடித்த அட்டைப்பெட்டி, பஞ்சுத் தலையணை, ஜிப்சம் கூரைப்பலகை ஆகியவற்றைக் காப்பாற்ற முயல்வது வீண்.

பிளீச்சிங் நீர் ஊற்றலாமா என்று பலர் கேட்கின்றனர். ஓடு, கண்ணாடி போன்ற கெட்டிப் பரப்பில் அது பயன் தரலாம். காரையிலும் மரத்திலும் அதன் குளோரின் மேலேயே செயலிழக்க, நீர் மட்டும் உள்ளே இறங்குகிறது. நிறம் வெளுத்துப் பூசணம் போய்விட்டதுபோல் தோன்றும். காயிலின் அலுமினியத்தையும் அது அரிக்கும். இவற்றினும் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. கழிப்பறை கழுவும் திரவங்கள் பலவற்றில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் இருக்கிறது. அதனோடு பிளீச்சிங் சேர்ந்தால் குளோரின் வாயு எழும். மூடிய சிறு அறையில் அது உயிருக்கே உலை வைக்கும். அம்மோனியா கலந்த திரவங்களோடும் சேர்க்கலாகாது. இது வேதியியல் மாணவர்க்குப் பழைய பாடம். ஆனால் அறையில் இருப்போர் எல்லாரும் வேதியியல் படித்தவர் அல்லர்.

பொறியைத் தொடுமுன் அதற்குரிய மின்சுவிட்சை நிறுத்துங்கள்; ரிமோட்டில் நிறுத்துவது போதாது. ஃபில்ட்டரைக் கழுவி நிழலில் முழுதும் உலர்த்திய பின் மாட்டுங்கள். உள்ளே உருளை வடிவில் சுழலும் பிளோயர் விசிறியில் மிளகுத்தூள் தூவியது போலக் கறுப்பு அப்பியிருந்தால், நம் கை அங்கே எட்டாது. பெட்டியைச் சுற்றிப் பை கட்டி, நீரைப் பீய்ச்சிக் கழுவும் ‘ஜெட் சர்வீஸ்’ தான் அதற்கு வழி. நாற்றத்தை மறைக்க ஊதுவத்தி கொளுத்துவதும் வாசனைத் திரவம் அடிப்பதும் காய்ச்சலுக்குப் போர்வை போர்த்துவது போன்றதே. அந்த நாற்றத்தில் ஒரு பகுதி ஜியோஸ்மின் என்னும் பொருளால் வரலாம். முதல் மழைக்கு எழும் மண்வாசனைக்கும் அதுவே காரணம். வயலில் நாம் விரும்பி மூச்சிழுக்கும் மணம் ஏ.சி.யிலிருந்து வந்தால் முகம் சுளிக்கிறோம்!

இனி வாராமல் காத்தல்

சுவர் உள்ளேயும் காய்ந்துவிட்டதா என்று அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. ஒன்றரை அடிச் சதுரமான தெளிந்த பாலிதீன் தாளைச் சுரண்டிய இடத்தில் வைத்து, நான்கு ஓரங்களையும் நாடாவால் ஒட்டிவிடுங்கள். ஒரு நாள் கழித்துப் பாருங்கள். தாளின் உட்புறம் முத்து முத்தாக நீர் கோத்திருந்தால் சுவர் இன்னும் காயவில்லை. வீட்டுக்காரரிடம் வாதிடுவதைவிட இத்தாளைக் காட்டுவது பயன் தரும். எங்கள் வீட்டுக்காரர் அதைத் தொட்டுப் பார்த்தார். வண்ணக்காரரைப் பத்து நாள் கழித்து வரச் சொன்னார். அட்வான்சைப் பற்றி இன்னும் பேச்சு முடியவில்லை.

இரவு முழுதும் ஓடிய பொறியை நிறுத்துமுன், குளிரை நிறுத்தி விசிறியை மட்டும் கால்மணி முதல் அரைமணிவரை ஓட விடுங்கள். புதுப் பொறிகளில் சில இதைத் தாமே செய்கின்றன. காயிலில் ஒட்டிய நீர் அப்போது ஆவியாகி அறைக்கே திரும்பும். ஆதலின் உடனே சன்னலைத் திறக்க வேண்டும். ஏப்ரல் காலையில் ஹெப்பகோடியின் வெளிக்காற்று நமக்கு நண்பன். சூலை முதல் அக்டோபர் வரை மழைக்காலத்தில் அவ்வளவு நம்பக்கூடிய நண்பனன்று. அக்காலத்தில் அறைக்குள் கயிறு கட்டித் துணி உலர்த்தும் நம் வழக்கமே பெருங்கேடு. துணியிலிருந்து போகும் நீரெல்லாம் எங்கே போகிறது என்று எண்ணிப் பாருங்கள். குளிர்ந்த வெளிச்சுவரின் மூலையில், அலமாரிக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொள்கிறது. அலமாரியைச் சுவரிலிருந்து நான்கு விரற்கடை விலக்கி வைத்தால் அங்கே காற்று நடமாடும். சில நூறு ரூபாய்க்கு ஈரமானி கிடைக்கிறது. மூவர் சேர்ந்து ஒன்று வாங்கலாம். அது 60 விழுக்காட்டுக்குக் கீழே நிற்கும்படி பார்த்துக்கொள்வதே குறி.

வெளியேறும் நீரை வாளியில் பிடித்துப் பயன்படுத்தலாமா என்பது, 2024-இல் இந்நகரம் தண்ணீருக்குத் தவித்த பிறகு அடிக்கடி எழும் கேள்வி. தரை துடைக்கலாம், கழிப்பறைக்கு ஊற்றலாம். குடிக்கலாகாது. வானத்து நீர் போலத் தூயதாகத் தோன்றினும், அது டிரேயின் ஜவ்வையும் காயிலின் உலோகத்தையும் கழுவிக்கொண்டு வருவது. வாளியை நாள்தோறும் கவிழ்த்துவிட வேண்டும். தேங்கிய தெளிநீரில் டெங்குக் கொசு முட்டையிடும். பைப்பின் முனை வாளி நீரைத் தொடாமல் ஒரு சாண் மேலே நிற்கட்டும். வாளியில் ஒரு கோடு கிழித்து, ஓர் இரவில் எவ்வளவு நீர் சேர்கிறது என்றும் குறித்து வையுங்கள். வெளியே புழுக்கம் ஏறிய நாளில் வாளியில் நீர் கூட வேண்டும். கூடாமல் குறைந்தால் மிகுதி நீர் வேறெங்கோ போகிறது என்று பொருள். அன்றே சுவரைத் தொட்டுப் பாருங்கள்.